பழுது பார்க்க விடுங்கள்: வீட்டுச் சாதன உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு மின் சாதனங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

குளிர்ந்த நீரில் துவையுங்கள், துணி சேர்ந்தபின் மெஷினைப் போடுங்கள், சோப்புத்தூளை அளந்து போடுங்கள் என்று உங்கள் கையேடுகளில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனைகள். அவற்றை விடாமல் கடைப்பிடிப்பவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீரைச் சூடாக்கத்தான் வாஷிங் மெஷின் அதிக மின்சாரம் இழுக்கிறது என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வெந்நீர்ச் சலவை இல்லை. துணியை வெளியே கொடியில் உலர்த்துகிறோம். கிழிந்ததைத் தைத்து உடுத்துகிறோம். இருப்பது போதும் என்றால் புதிதாக வாங்குவதில்லை. இதில் பெரிய தியாகம் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் கவனமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் யாராலும் முடியும். முடிந்தவரை இருப்பதையே வைத்துக்கொண்டு வாழ்வது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

அப்படி வாழ நினைப்பவர்களை நீங்கள்தான் வழிமறிக்கிறீர்கள். அதைச் சொல்லவே இந்த மடல்.

எங்கள் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது பெரும் இரைச்சல் போடத் தொடங்கியது. பழுது பார்க்க வந்தவர் டிரம்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பேரிங் போய்விட்டது என்று உடனே சொன்னார். டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் வளையம்தான் பேரிங். அதில் தண்ணீர் படாமல் காக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே கசியும், கிரீஸைக் கரைக்கும், பேரிங் துருப்பிடிக்கும். உங்கள் பொறியாளர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. தேயும் இடம் அதுதான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பேரிங் அப்படி ஒன்றும் கிடைக்காத பொருளல்ல. எங்கள் மெஷினில் இருப்பது 6205 என்ற எண் கொண்டது. உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்த நாட்டில் யார் செய்தாலும் இந்த எண்ணுக்கு இதே அளவுதான். மோட்டாரிலும் பம்பிலும் ஓடுவது இதுவே. உள்ளங்கையில் அடங்கும் இந்த இரும்பு வளையத்தையும் ஒரு ரப்பர் சீலையும் மாற்றிவிட்டால் மெஷின் இன்னும் பல வருடம் ஓடும்.

ஆனால் அந்த இடத்துக்குப் போக வழியில்லை. டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளி டப்பை இரண்டு பாதிகளாகச் செய்து, நடுவில் ரப்பர் வளையம் வைத்து, சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்குவது முன்பு வழக்கம். ஸ்க்ரூவைக் கழற்றினால் டப் பிரியும், பேரிங் வெளியே வரும். இப்போது பல மாடல்களில் அந்த இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறீர்கள். எங்களுடையதும் அப்படிப்பட்டது.

“மோட்டார் நல்லா இருக்கும்மா, பம்ப் நல்லா இருக்கு, போர்டும் நல்லா இருக்கு. ஆனா கம்பெனியில டப்பை முழுசாத்தான் தருவாங்க” என்றார் அவர். முழு டப்பின் விலை, புது மெஷின் விலையில் பாதிக்கு மேல். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். ஒட்டிய இடத்தை ரம்பத்தால் சுற்றிலும் அறுக்க வேண்டும். பேரிங்கை மாற்றிய பிறகு ஓரத்தில் துளை போட்டு, போல்ட் முடுக்கி, சிலிகான் பூசி மூட வேண்டும். “செஞ்சு தரேன். ஆனா கசியாதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது” என்றார். வேலை தெரிந்த ஒருவர், நீங்கள் செய்து கொடுத்த பொருளை ரம்பம் கொண்டு அறுத்தால்தான் தன் தொழிலைச் செய்ய முடியும் என்ற நிலைமையை உருவாக்கியிருக்கிறீர்கள். அவர் அதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஒட்டினால் கசிவு குறைகிறது, உற்பத்தி விரைவாகிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். அந்த மிச்சம் உங்களுக்குச் சேர்கிறது. உடைசல் எங்கள் வாசலில் நிற்கிறது. எஃகு டிரம், செம்புக் கம்பி சுற்றிய மோட்டார், ஆட்டத்தை அடக்க உள்ளே வைத்திருக்கும் கான்கிரீட் பாளம் என எல்லாமே பழுதில்லாமல் இருக்கின்றன. தோண்டி, உருக்கி, வார்த்து, கப்பலேற்றி வந்த இத்தனையும் ஒரு வளையத்துக்காகக் குப்பையாக வேண்டுமா? புது மாடல் குறைவான மின்சாரத்தில் ஓடும், மாற்றிவிடுங்கள் என்கிறது உங்கள் விற்பனைப் பிரிவு. குளிர்ந்த நீரில் மட்டும் துவைக்கும் ஒரு வீட்டில் மின்சாரத்தில் கிடைக்கப்போகும் மிச்சம் சொற்பம். புதிதாக ஒரு மெஷினைச் செய்வதற்கான செலவை அது ஈடுகட்டாது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் குவித்தது என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான். எங்கள் மெஷினை நான் தூக்கிக் கொடுத்தால் அது மீதிப் பங்கில் போய்ச் சேராது என்று யார் உறுதி சொல்வார்கள்?

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. சுற்றுச்சூழல் என்று வந்தாலே எல்லோரும் தனி மனிதர் பக்கம்தான் கை காட்டுகிறார்கள். ‘உங்கள் கார்பன் தடம் எவ்வளவு’, அதாவது உங்கள் வாழ்க்கையால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்ற கேள்வியை 2000-களின் நடுவில் விளம்பரங்கள் வழியாக மக்களிடம் பெரிதாகக் கொண்டு சென்றது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். கணக்குப் போட இணையத்தில் கருவியும் கொடுத்தது. அன்றிலிருந்து நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். விளக்கை அணைக்கிறோம், பையை மறக்காமல் எடுத்துப் போகிறோம். செய்வோம், அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் போனில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுவது யார்? அசல் உதிரி பாகத்தையே வேறொருவர் பொருத்தினாலும் மென்பொருள் அதை ஏற்காதபடி பூட்டு வைப்பது யார்? இந்த முடிவு எதையும் எங்களைக் கேட்டு யாரும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் நாங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் உங்கள் வரைபலகையில் எடுத்த ஒரு முடிவு அதை விழுங்கிவிடுகிறது.

இது முடியாத காரியம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சட்டம் கேட்ட இடங்களில் நீங்களே செய்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு வாஷிங் மெஷின் மாடலின் விற்பனை நின்ற பிறகும் 10 ஆண்டுகளுக்கு உதிரி பாகம் கிடைக்க வேண்டும். கேட்ட 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பிரான்ஸில் அதே ஆண்டு முதல், சில வகைச் சாதனங்களை, அவை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கக்கூடியவை என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணிட்டு விற்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் மென்பொருள் பூட்டைத் தடுக்க 2024-இல் சட்டம் கொண்டு வந்தது.

ஆனால் அந்த ஐரோப்பிய விதியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. டிரம்மையும் பேரிங்கையும் தனியாகவோ தொகுப்பாகவோ தரலாம் என்கிறது அது. தொகுப்பாகத் தருவதென்றால் பேரிங் மட்டும் கேட்டவருக்கு டிரம்மையும் சேர்த்தே விற்கலாம். சட்டம் கேட்கும் அளவோடு நின்றுகொள்ளாதீர்கள் என்று இதனால்தான் உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். பழுது பார்க்க விடுங்கள்.

கேட்பது அதிகமில்லை. இனி வரும் மாடல்களில் டப்பை மீண்டும் ஸ்க்ரூ போட்டு இணையுங்கள். பேரிங்கையும் சீலையும் தனித்தனியாக, உங்கள் சர்வீஸ் சென்டரில் மட்டுமல்லாமல் எந்த மெக்கானிக்கும் வாங்கும்படி விற்பனைக்கு வையுங்கள். எதை எப்படிக் கழற்றுவது என்று சொல்லும் சர்வீஸ் கையேட்டை மூடி வைக்காமல் எல்லோருக்கும் கொடுங்கள். உதிரி பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதை மின்சார நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நாங்கள் தயார். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தாலும் என்னைப் போன்றவர்கள் கொடுப்போம்.

ஏற்கெனவே ஒட்டி விற்ற மெஷின்கள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு முழு டப்பை, பேரிங் மாற்ற ஆகும் கூலிக்கு நெருக்கமான விலையில் கொடுத்து உதவுங்கள். தவறு எங்களுடையதல்ல என்பதால் இதை உரிமையோடு கேட்கிறேன். ஆனால் பணிவோடும் கேட்கிறேன். எங்கள் மெஷினை இன்னும் யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை. உங்கள் பதிலுக்காக வைத்திருக்கிறேன்.

அடுத்து நீங்கள் சந்தைக்குக் கொண்டுவரும் மாடலில் பேரிங்கை மாற்ற முடியுமா, முடியாதா என்பதைத் தயவுசெய்து வெளிப்படையாக அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி