வெளிநாட்டுப் பெற்றோல் பம்பும் நமது வங்கி அட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் திருகோணமலைக்காரர் பலர் இப்போது அங்கே வாடகைக்குக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டுகிறார்கள். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, குளிருடுப்பு எல்லாம் கவனமாக எடுத்துவைக்கிறார்கள். அந்தக் காருக்கு எப்படி எண்ணெய் அடிப்பது, அதற்கு எப்படிக் காசு கட்டுவது என்பதை மட்டும் எவரும் சொல்லி அனுப்புவதில்லை. சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. ஆனாலும் நம்மில் அநேகர் பம்பைக் கையால் தொட்டதில்லை. இங்கே பெற்றோல் செட்டில் வேலை செய்பவர் அடித்துவிடுவார், நாம் ஆசனத்தில் இருந்தபடியே பணத்தை நீட்டுவோம். அங்கே பெரும்பாலும் அடிப்பதும் நாம், கட்டுவதும் நாம். இரவில் போனால் கேட்டுப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

பம்பில் அட்டை வேலை செய்யாவிட்டால் "கணக்கில் காசு இல்லை" என்றே பலரும் பதறுகிறார்கள். அநேகமாகக் காரணம் அதுவல்ல. அட்டையைப் போட்டதும் நீங்கள் எத்தனை லீற்றர் அடிக்கப் போகிறீர்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே ஒரு பெரிய தொகையை முதலில் வங்கியில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பம்பைத் திறக்கும். பிரித்தானியாவில் இது 100 பவுணும் அதற்கு மேலும் போகலாம். அமெரிக்காவில் விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகளுக்கு 2022 முதல் 175 டொலர் வரை ஒதுக்கலாம். பிரான்சின் ஆளில்லாப் பம்புகளில் 150 யூரோ வரை ஒதுக்குவது சாதாரணம். அடித்து முடிந்த பிறகு உண்மைத் தொகைதான் கணக்கில் ஏறும். ஒதுக்கிய மீதி விடுபடும். அந்த நாட்டு அட்டைக்கு இது சீக்கிரம் நடந்துவிடும். இலங்கை அட்டைக்குச் சில நாட்கள் இழுபடலாம்.

ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் 40,000 ரூபாவை ஒதுக்குகிறது, நீங்கள் 35 பவுணுக்கு, அதாவது 14,000 ரூபாவுக்கு அடிக்கிறீர்கள். மீதி 26,000 ரூபா உங்களுடையதுதான், ஆனால் விடுபடும் வரை அதைத் தொட முடியாது. டெபிட் அட்டை என்றால் அது சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் வைத்திருந்த பணம். கைத்தொலைபேசிக்கு முதலில் 100 பவுண் என்றும் பிறகு 35 பவுண் என்றும் இரண்டு செய்தி வந்தால் அது மோசடி அல்ல. பயந்துபோய் அட்டையை முடக்கச் சொல்லிவிட்டால் மிச்சப் பயணத்துக்கு அட்டையே இல்லாமல் போய்விடும். இன்னொன்று: மறுக்கப்பட்ட அட்டையைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். சில வேளைகளில் ஒவ்வொரு முயற்சிக்கும் தனித்தனியே தொகை ஒதுக்கப்பட்டுவிடும். ஒருமுறை மறுத்தால் உள்ளே காசாளரிடம் போவதே நல்லது. அங்கே அடித்த அளவுக்கு மட்டும் கட்டலாம்.

வாடகைக் கார் நிறுவனமும் முற்பணமாக ஒரு தொகையை உங்கள் கடன் அட்டையில் ஒதுக்கும். அட்டையின் எல்லை சிறியதாக இருந்தால் அதிலேயே பெரும்பகுதி போய்விடும். பிறகு பம்ப் கேட்கும் தொகைக்கு இடம் இருக்காது. காருக்கு ஒரு அட்டை, எண்ணெய்க்கு வேறொரு அட்டை என்று பிரித்து வைப்பதுதான் எங்கள் ஆலோசனை.

அடுத்த சிக்கல் அட்டையின் இரகசிய இலக்கம், அதாவது 'பின்'. ஊரில் கடன் அட்டையைக் கொடுத்துத் துண்டில் கையெழுத்துப் போட்டே பலருக்குப் பழக்கம். டெபிட் அட்டையின் நான்கு இலக்கம் மனப்பாடம். கடன் அட்டைக்கும் அப்படி ஒன்று உண்டென்பதே சிலருக்குத் தெரியாது. பிரான்சில் கடைத்தொகுதிகளோடு இருக்கும் மலிவான பம்புகளும், சுவிஸில் இரவில் இயங்கும் பம்புகளும் இலக்கம் கேட்கும்போது கையெழுத்து வாங்க அங்கே யார் இருக்கிறார்கள்? வெளிநாட்டில் நின்றுகொண்டு புதிய இலக்கம் எடுப்பதும் இலேசல்ல. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி இலங்கைச் சிம்முக்குத்தான் வரும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. பம்பின் திரை அட்டைக்காரரின் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். நமது ஊரின் 31000 உம் ஐந்து இலக்கம்தானே என்று போட்டால் பெரும்பாலும் மறுக்கும், ஏனென்றால் அந்தச் சரிபார்ப்பு அங்குள்ள முகவரிகளுக்காக அமைந்தது. காரைப் பம்பில் நிறுத்தி, பம்பின் எண்ணைப் பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள். "நான்காம் பம்ப், 40 டொலர்" என்று சொல்லி அட்டையைக் கொடுங்கள். 31 டொலருக்கே தாங்கி நிரம்பினால் அட்டையில் 31 தான் ஏறும். காசாகக் கட்டியிருந்தால் திரும்பவும் உள்ளே போய் மீதியை வாங்க வேண்டும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் பணம் கட்டிய பிறகே அடிக்கலாம் என்பது சட்டம். ஜேர்மனியில் பெரும்பாலும் முதலில் அடித்துவிட்டு உள்ளே போய்ப் பம்பின் எண்ணைச் சொல்லிக் கட்டுவார்கள்.

கட்டும்போது சில இயந்திரங்கள் இரண்டு தொகையைக் காட்டும், ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், மற்றது இலங்கை ரூபாவில். தெரிந்த நாணயம் என்று ரூபாவை அழுத்தினால் கடைக்காரரின் பக்கத்திலேயே மாற்றிவிடுவார்கள். அந்த மாற்று விகிதம் அநேகமாக வங்கியின் விகிதத்தைவிட மோசம். எப்போதும் பவுண், யூரோ, டொலர் என்று அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள்.

எதை அடிப்பது என்பதிலும் நிறத்தை நம்ப வேண்டாம். பிரித்தானியாவில் பச்சைக் கைபிடி பெற்றோல், கறுப்பு டீசல். வட அமெரிக்காவிலோ பல இடங்களில் பச்சைதான் டீசல். இலண்டனில் ஒரு கிழமை ஓட்டிவிட்டு ரொறன்ரோவில் இறங்குபவர் நிறத்தைப் பார்த்து எடுத்தால் கதை முடிந்தது. எழுத்தை வாசியுங்கள்: பிரெஞ்சில் 'கஸோல்', இத்தாலியில் 'கஸோலியோ' என்றால் டீசல். 'கஸ்' என்று தொடங்குவதைப் பார்த்து வட அமெரிக்காவின் 'காஸ்', அதாவது பெற்றோல், என்று எண்ணிவிடுவது சுலபம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஒக்டோபர் முதல் பம்பிலும் புதிய கார்களின் மூடிக்கு உட்புறத்திலும் ஒரே குறி இருக்கிறது: வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றால் பெற்றோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். டீசல் குழாய் முனை ஏறத்தாழ 24 மில்லிமீற்றர், பெற்றோல் முனை 21. ஆகவே டீசல் முனை பெற்றோல் காரின் வாய்க்குள் பெரும்பாலும் நுழையாது. பெற்றோல் முனை டீசல் காருக்குள் இலகுவாகப் போய்விடும், ஆபத்தும் அதில்தான் கூட. மாறி அடித்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். டீசல் காரின் இயந்திரத்துக்குள் இருக்கும் உயரழுத்த எண்ணெய்ப் பம்புக்கு டீசல்தான் மசகு. பெற்றோல் கலந்தால் அந்த மசகு போய் உலோகம் உலோகத்தை அரைக்கும். இயந்திரம் ஓடாவிட்டால் தாங்கியை வடித்தால் போதும். ஓடிவிட்டால் செலவு பன்மடங்கு, வாடகைக் காப்புறுதி அநேகமாக இதை ஏற்காது.

பெற்றோலின் ஒக்டேன் எண் 92, 95 என்று பழகிய நமக்கு அமெரிக்க, கனடியப் பம்புகளில் 87 என்று கண்டால் தரக்குறைவு போலத் தோன்றும். கணக்கிடும் முறைதான் வேறு. அங்கே 87 என்பது நமது 92 க்குக் கிட்டத்தட்டச் சமம். கூடிய விலைக்கு 93 அடிக்கத் தேவையில்லை, காரின் மூடியில் கேட்டிருந்தால் ஒழிய.

இந்தச் சிக்கல்களில் பாதியை விமானம் ஏறுமுன் திருகோணமலையிலேயே தீர்த்துவிடலாம். ஆகவே நகரிலுள்ள வங்கிக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு போகிறேன் என்று அட்டையோடு வருபவரிடம் வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிட்டதோடு நிறுத்தாதீர்கள். கடன் அட்டைக்கு இரகசிய இலக்கம் இருக்கிறதா என்று கேட்டு, அங்கேயே எடுத்துக்கொடுங்கள். பம்பில் ஒதுக்கப்படும் தொகை எத்தனை நாளில் விடுபடும், விடுபடாவிட்டால் வெளிநாட்டிலிருந்து எந்த இலக்கத்துக்கு அழைப்பது, அங்கே தமிழில் பதில் சொல்ல ஆள் உண்டா என்பதை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு அட்டையோடு கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.