பெரியவனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் பெயருக்கு வந்த பார்சலைச் சின்னவன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினான். சித்திரைக்கு வருவேன் என்றுதானே நம் வீட்டு விலாசம் கொடுத்தாய்? சித்திரை பாதி போய்விட்டது. போன் அடித்தாலும் எடுப்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி.

உள்ளே, மண்ணுக்குள் காசு தேடுகிற உன் மிஷினுக்குப் புதுத் தட்டு இருந்தது, ஆறு அங்குலம் இருக்கும். பெரிய தட்டு ஆழம் பார்க்கும், ஆனால் ஆணியும் காசும் ஒட்டிக் கிடந்தால் குழம்பிவிடும், சின்னதுதான் பிரித்துச் சொல்லும் என்று பொங்கலுக்கு நீ என்னிடம் சொன்னதைச் சின்னவன் திண்ணையிலிருந்து கேட்டிருக்கிறான். அவனே மாட்டினான். ஒயர் தொங்கினால் சும்மா கத்துமாம், கம்பியோடு இறுக்கிச் சுற்றினான்.

மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் முதலில் லாடமும் ஆணியும்தான் வந்தன. அப்புறம் ஒரே ஒரு சத்தம், தெளிவாக. நாலு விரல் ஆழத்தில் ஓட்டைக் காலணா! ஓட்டைக்கு மேலே கிரீடம், 1944. உங்கள் அப்பாயி இதைத்தான் உன் அப்பாவின் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தார்களாம். புளி போட்டுத் தேய்க்கக் கை துறுதுறுத்தது. தேய்த்தால் காசு கெட்டுவிடும் என்பாயே, விட்டுவிட்டேன்.

நீ ராத்திரியில் ஆற்றுப் படுகைக்குப் போகாதே. வெயில் காலத்தில் பாம்பு மணலில்தான் கிடக்கும். பழையாறைப் பக்கம் கோயிலை ஒட்டித் தோண்டாதே. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளது மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தரவேண்டும், 1878-லேயே போட்ட சட்டம் என்று நீ சொன்னதுதான். மறைத்து வைக்காதே. ராத்திரியில் போகாதே.

ராஜராஜன் காசில் ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து என்று எட்டாவது படிக்கும்போதே வாத்தியாருக்கு விளக்கினாய். தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனேன். நீ ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்த காசு பதினேழையும் நான்தான் எடைக்குப் போட்டேன், சாமி. எவர்சில்வர்காரர் வந்திருந்தார். உடைந்த பித்தளைக் குடம் எடைக்குப் போதவில்லை என்றார். உன் பாட்டிலைத் தராசில் கவிழ்த்தேன். தூக்குவாளி கொடுத்தார். நீ அதில்தான் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோனாய்.

நீ தேடினாய். சின்னவன்தான் எடுத்துத் தொலைத்தான் என்று முடிவு கட்டி அடித்தாய். அவன் உதடு கிழிந்தது. நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. உன் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயம். அவர் போன பிறகும் சொல்லவில்லையே, அதற்கு என்ன காரணம் சொல்வேன்? பொங்கலன்று பேச்சு எங்கெங்கோ போய், அவன் மறுபடியும் "நான் எடுக்கலண்ணே" என்றான். நீ இலையிலிருந்து எழுந்துவிட்டாய். அப்போதும் நான் பாயசம் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் ஆற்றில் தேட முடியாது. அதற்குள் வா. பகலில் போகலாம். காலணாவைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன்.

சின்னவனிடம் இன்னும் சொல்லவில்லை. கொல்லையில்தான் நிற்கிறான். இதை ஒட்டிவிட்டு அவனைக் கூப்பிடப் போகிறேன்.

அம்மா