ஒளிய இடம் கொடுப்பதும் வக்கீல் வைப்பதும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘பெற்ற மகன் கொலை செய்துவிட்டு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்குத் தங்கள் வாசகர்கள் எழுதியதைப் படித்தேன். பாதிப் பேர் மனுநீதிச் சோழனை அழைத்து வந்திருக்கிறார்கள். மீதிப் பேர் தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்கிறார்கள். சோழன் அரசன், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தவன். மகனைத் தேர்க்காலில் கிடத்தும் வேலையை எந்தச் சட்டமும் தாயிடமோ அண்ணனிடமோ கேட்கவில்லை. கேட்பது மிகக் கொஞ்சம்: தெரிந்ததைச் சொல், ஒளிக்காதே, தடயத்தை அழிக்காதே. இது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல்தான், ஒருவன் செய்த குற்றத்துக்குக் குடும்பமே ரிமாண்டுக்குப் போகிறது.

முதலில், வாய் திறக்காமல் இருப்பது. கொலை, கொள்ளை போன்றவை நடந்தது தெரிந்தால் போலீசுக்கோ நீதித்துறை நடுவருக்கோ சொல்ல வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 33-வது பிரிவு. சொல்லாததற்கு நியாயமான காரணம் இருந்தால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சொல்லத் தவறினால் 6 மாதம் வரை சிறை. ஆனால் உறவினர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதில் அல்ல, இதற்கு அடுத்த காரியங்களில்.

ஒளித்து வைப்பதற்குச் செட்டிநாட்டில் தனி வசதியே உண்டு. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள், கல்யாணம், படைப்பு (குடும்ப முன்னோர் வழிபாடு) என்றால்தான் திறக்கும். சாவி ஒரு பங்காளியிடமோ வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடமோ இருக்கும். “ரெண்டு நாள் உள்ளே இருந்துட்டுப் போகட்டும்” என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொன்னவர், சாவி கொடுத்தவர், சோறு கொண்டுபோனவர் மூவருமே பிஎன்எஸ் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 249-வது பிரிவுக்குள் வருவார்கள். பழைய ஆட்கள் ஐபிசி 212 என்று சொல்வது 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது. ஒளித்து வைப்பது என்றால் இடம் கொடுப்பது மட்டுமல்ல. தப்பிப்பதற்கென்று பணம், துணி, சாப்பாடு, வண்டி எது கொடுத்தாலும் அதில் அடங்கும். செய்தது கொலை என்றால் ஒளித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை. மரண தண்டனை இல்லாத, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமென்றால் 3 ஆண்டு வரை. விலக்கு கணவனுக்கும் மனைவிக்கும் மட்டுமே. அம்மாவுக்கு இல்லை, அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இல்லை, கூடப்பிறந்தவர்களுக்கும் இல்லை.

ஜெர்மனியிலும் தென்கொரியாவிலும் நெருங்கிய உறவினர் ஒளித்து வைத்தால் தண்டனை கிடையாது. ஓடிவந்த மகனுக்கு ஒருவேளை சோறு போட்ட தாய்க்கு அப்படி ஒரு விலக்கு இங்கேயும் வரலாம் என்பது என் கருத்து. சாவி கொடுக்கச் சொல்லி வேலையாளை மாட்டிவிடும் முதலாளிக்கு வரக் கூடாது. அவர் சொன்னதைச் செய்த அந்த ஆளுக்கு யார் ஜாமீன் எடுப்பார்கள்?

தடயத்தை அழிப்பது இதைவிடப் பெரிய வினை. ரத்தம் பட்ட சட்டையைத் துவைகல்லில் அடித்து அலசுவது, கேமரா ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுவது, வாட்ஸ்அப் செய்தியை நீக்குவது, அவன் அன்று ஊரிலேயே இல்லை என்று போலீசிடம் பொய் சொல்வது எல்லாம் பிஎன்எஸ் 238. கொலை வழக்கில் 7 ஆண்டு வரை, இங்கே மனைவிக்கும் விலக்கு இல்லை. துவைத்தாலும் தையல் மடிப்பிலும் பட்டன் துளையிலும் ரத்தம் நிற்கும், ஆய்வகத்தில் தெரிந்துவிடும்.

குடும்பத்தார் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. அடிதடியில் தற்காப்புக்காகத் தாக்கியவன் என்றால், அவன் உடம்பில் இருந்த காயமும் சட்டையில் இருந்த அவனுடைய ரத்தமும்தான் அவனுக்குச் சாட்சி. துவைத்தால் அதுவும் போகும். ‘திடீர் ஆத்திரத்தில் நடந்தது, திட்டமிட்ட கொலை அல்ல’ என்று தண்டனையைக் குறைக்க வாதாடும்போதும், ஒளிந்ததும் கழுவியதும் எதிராக வந்து நிற்கும். குற்றத்துக்குப் பிந்தைய நடத்தையும் சாட்சியமாகும். ஆகவே அந்தத் துணியைத் தொடாமல் விடுங்கள். எடுத்து வைத்தே ஆக வேண்டுமென்றால் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெட்டுவிடும்.

தலைமறைவு நீண்டால் சொத்தில் கை வைப்பார்கள். பிடிவாரண்ட் நிறைவேறாவிட்டால் நீதிமன்றம் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்துப் பிரகடனம் (ஆஜராகச் சொல்லும் பொது அறிவிப்பு) வெளியிடும், கூடவே சொத்தை ஜப்தி செய்யலாம். பத்துப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு)ப் பங்குள்ள பிரியாத பூர்வீக வீட்டில் அவன் பங்கு ஜப்தியானால், மற்றவர்கள் 6 மாதத்துக்குள் ஆட்சேபம் தாக்கல் செய்தாக வேண்டும். மலேசியாவில் இருக்கும் பங்காளிக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் அந்தக் கெடு ஓடிவிடும். பிரகடனக் குற்றவாளி என்று ஆனபின், நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவாகி 90 நாள் கழிந்தால் அவன் இல்லாமலேயே வழக்கை நடத்தித் தீர்ப்புச் சொல்லவும் இப்போது வழி இருக்கிறது.

‘போலீசில் விட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள்’ என்ற பயம்தான் பல வீடுகளில் உண்மையான காரணம். அதை வெறும் சாக்கு என்று தள்ள நான் தயாரில்லை. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்ததும், 2025 ஜூனில் நம் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்ததும் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. இதற்கு மாற்று, பூட்டிய வீடு அல்ல, நீதிமன்றம். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் எண்ணை வாங்குங்கள். பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்றவற்றை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. வக்கீலோடு போய், அந்தக் காவல் நிலைய எல்லைக்குரிய நீதித்துறை நடுவர் முன் சரணடையச் செய்யுங்கள். அதற்குமுன் அரசு மருத்துவமனையில் காட்டி, ஏற்கெனவே உள்ள காயங்களைப் பதிவு செய்வது நல்லது, பின்னால் வரும் காயம் புதியது என்று தெரியும். நடுவர் “அடித்தார்களா?” என்று கேட்கும்போது வாய் திறந்து பதில் சொல்லச் சொல்லிக்கொடுங்கள். பழைய சட்டத்தில் போலீஸ் காவல் முதல் 15 நாளோடு முடிந்துவிடும். இப்போது அதே 15 நாளைத் துண்டு துண்டாக, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் கேட்கலாம். ஆகவே ரிமாண்டாகிவிட்டது என்று வக்கீல் அலட்சியமாக இருக்க முடியாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைத்தாலோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தாலோ போதும். ஜாமீனுக்கு நில்லுங்கள், மதுரை மத்திய சிறையில் மனு போட்டு அவனை நேரில் பாருங்கள், தண்டனையானால் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போங்கள். பாசத்துக்கு இங்கே தாராளமாக இடம் இருக்கிறது. ஜாமீனுக்கு நிற்பவர் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அவன் ஓடிவிட்டால் பத்திரத்தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

சாட்சி விஷயம். மனைவியிடம் கணவன் சொன்னதை அவன் சம்மதமின்றி நீதிமன்றம் கேட்காது. சொன்னதை மட்டும்தான், கண்டதை அல்ல. விடியற்காலையில் கூரையிலிருந்து கணவன் இறங்கியதையும் குளித்ததையும் மனைவி சொல்லலாம், அவன் பேசியதைச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே பிரித்துக் காட்டியது. குற்றம் மனைவிக்கே எதிரானது என்றால் அந்தத் தடையும் இல்லை. தாயிடமோ தம்பியிடமோ அவன் ஒப்புக்கொண்டதற்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, அதைக் கூண்டில் கேட்பார்கள். நடுவர் முன் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்துவிட்டு விசாரணையில் பல்டி அடித்தால் பொய்ச்சாட்சிக்கு 7 ஆண்டு வரை போகும். மறுபக்கம், பெண்களையும் 60 வயது கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். மகன் வரும்வரை ஆச்சியை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பது பச்சைச் சட்டமீறல்.

கடைசியாக, வாசகர் கடிதங்களில் ஒருவரும் தொடாத ஒன்று. எல்லோரும் செத்தவன் யாரோ ஒரு அந்நியன் என்று வைத்துக்கொண்டுதான் பாசமா நீதியா என்று கேட்கிறார்கள். தனியாக இருக்கும் பாட்டியை நகைக்காகப் பேரன் கொன்றால்? சித்தப்பா அண்ணன் மகளிடம் தவறாக நடந்தால்? அங்கே எந்தப் பக்கம் நின்றாலும் உறவின் பக்கம்தான். கொன்றவன் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு தெளிவாகச் சொல்லிவிட்டது.

குழந்தையிடம் தவறாக நடந்த விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, மன்னிப்பும் பணமும் வாங்கிக் கொடுத்து முடித்து வைப்பது இன்னும் நடக்கிறது. கடுமையான குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் தனிக் குற்றங்கள் (பிஎன்எஸ் 250, 251). குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, தெரிந்தவர் எவரும் புகார் தர வேண்டும் என்கிறது, தாய்க்கும் மனைவிக்கும்கூட விலக்கு இல்லை. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் சொன்னாலும் போதும். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும், வருகிற போலீசார் சீருடையில் இருக்கக் கூடாது. குளிப்பாட்டி, துணி மாற்றித் தூங்க வைத்துவிட்டு மறுநாள் யோசிக்கலாம் என்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 72 மணி நேரத்துக்குப் பின் மருத்துவத் தடயம் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சம்பாதிப்பவனே உள்ளே போய்விட்டால் வீடு எப்படி ஓடும் என்ற தாயின் கேள்விக்கும் வழி உண்டு. 2020 போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் சாப்பாடு, துணி, போக்குவரத்துக்கான உடனடித் தொகையை ஒரு வாரத்தில் தர வேண்டும். இடைக்கால இழப்பீட்டை வழக்கு முடியும்வரை காத்திராமல் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம். இதை யாரும் போய்ச் சொல்வதில்லை, அதனால்தான் சாட்சி சொல்லும் நாளில் குழந்தையே ‘அப்படி எதுவும் நடக்கல’ என்கிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. ‘அண்ணன் மகளிடம் அத்துமீறல்: இன்ன ஊர் இன்னார் கைது’ என்று நாளிதழ்கள் செய்தி போடுகின்றன. குழந்தையின் பெயர் இல்லைதான். ஆனால் கைதானவர் பெயர், ஊர், உறவுமுறை மூன்றையும் சேர்த்துப் போட்டால் நம் ஊர்களில் ஐந்து நிமிடத்தில் குழந்தை யாரென்று தெரிந்துவிடும். போக்சோ 23-வது பிரிவின்படி குடும்ப விவரம், அக்கம்பக்கம் உட்பட அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் புகாரையே அமுக்கும் வீடுகள் இருக்கின்றன. இனி உறவினர் கைதாகும் போக்சோ செய்திகளில் உறவுமுறையையும் கைதானவர் பெயரையும் ஊரையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்,
தேவகோட்டை.