கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு

ஹாலே, ஜெர்மனி
6-12-2020

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

இந்த வரியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பீர்கள் என்று தெரியும். அம்மா போன பிறகு நான் உங்களுக்கு எழுதிய எதிலும் 'கர்த்தருக்குள்' என்ற வார்த்தை இல்லை. நீங்களும் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நான் சுகமாக இருக்கிறேன். இங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இன்று அட்வென்ட், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலத்தின் இரண்டாவது ஞாயிறு. எங்கள் தெருவில் பல ஜன்னல்களில் காகித நட்சத்திரம் எரிகிறது. மூங்கில் குச்சியில் தம்பி ஒட்டுவானே, அதே மாதிரிதான், முனைகள் மட்டும் நிறைய. ஆனால் நட்சத்திரம் தொங்குகிற வீட்டிலெல்லாம் விசுவாசிகள் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இது பழைய கிழக்கு ஜெர்மனி. பெரும்பாலானவர்கள் எந்தச் சபையிலும் இல்லை, ஞானஸ்நானமும் பெறாதவர்கள். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்களும் அப்படித்தான். அவர்களைப் போல நோயாளியைப் பொறுமையாகக் கவனிப்பவர்களை நான் பார்த்ததில்லை. கடவுளை நம்பாதவர்களுக்கு இரக்கம் குறைவு என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது தப்பு அப்பா.

எனக்கு இந்த ஊர் வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று கேட்க ஆளில்லை.

என் வார்டில் 76 வயதுப் பாட்டி ஒருத்தர் இருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. காலையில் இன்சுலின் போட்ட பிறகு, மேஜையில் இருக்கும் சின்னப் புத்தகத்திலிருந்து அன்றைய வசனத்தை நான் அவருக்கு வாசிக்க வேண்டும். 'லோசுங்கென்' என்பார்கள். ஹெர்ன்ஹூட் என்ற சின்ன ஊரின் சபையார் 1731-லிருந்து வருஷம் தவறாமல் அச்சிடுகிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் பழைய ஏற்பாட்டு வசனத்தைத் திருவுளச்சீட்டுப் போட்டு எடுத்து, அதற்குப் பொருத்தமாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து இன்னொன்றைச் சேர்ப்பார்கள். நான் உச்சரிப்புப் பயிற்சிக்காகத்தான் வாசித்தேன். 'க்னாடே' என்றால் கிருபை. அந்தச் சொல்லை நான் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் நிறுத்தி, திருத்தி, மறுபடி சொல்ல வைப்பார்.

மார்ச்சில் கொரோனா வந்தது. பார்வையாளர்கள் யாரும் வரக்கூடாது என்றார்கள், கோயில்களும் மூடின. பாட்டியின் மகன் கீழே தோட்டத்தில் நின்று கையை ஆட்டுவார். நான் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளி, "சிவப்புச் சட்டை போட்டிருக்கிறார், கையில் பூ வைத்திருக்கிறார்" என்று சொல்லுவேன்.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் வாசித்து முடித்ததும், "நீ நன்றாக வாசிக்கிறாய், ஆனால் நம்பவில்லை, இல்லையா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மாவின் புற்றுநோய், நாம் இருந்த உபவாசம், அப்புறம் அடக்கத்தன்று வீட்டுக்கு வந்தவர் ஒருவர் என் காதுபடச் சொன்னாரே, "விசுவாசக் குறைவு, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்று, அது வரைக்கும். அன்றைக்கு அம்மாவைப் புதைத்த குழியிலேயே என் விசுவாசத்தையும் போட்டுவிட்டு வந்தேன் என்றேன்.

பாட்டி ஆறுதல் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வசனம் உண்டு. 2020-க்கு மாற்கு 9:24. பிசாசு பிடித்த பிள்ளையின் தகப்பன் கதறுகிற வசனம். தமிழில் அது எனக்கு மனப்பாடம், நீங்கள் வேதபாடம் வாசிக்கிற குரலிலேயே காதில் விழுந்தது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஜெர்மனில் 'நீங்கும்படி' இல்லை அப்பா. "என் அவிசுவாசத்துக்கு உதவும்" என்று மட்டும்தான் இருக்கிறது. அவிசுவாசமும் ஒரு நோயாளி மாதிரி, ஆண்டவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கலாம் என்பது போல. முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு அந்தத் தகப்பனைத் திருப்பி அனுப்பவில்லை. பாதி விசுவாசத்தோடு வந்தவனின் பிள்ளையைத்தான் தூக்கி நிறுத்தினார்.

பாட்டி 14 வயதில், 1958-ல், கோயிலில் நடக்கும் திடப்படுத்தலுக்குப் பதிலாகக் கம்யூனிஸ்ட் அரசாங்கம் நடத்திய இளைஞர் உறுதிமொழிச் சடங்குக்குப் போக மறுத்தவர். அதனால் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. டாக்டராக ஆசைப்பட்டவர் வாழ்நாள் முழுக்க ரொட்டிக் கடையில் நின்றார். "அன்றிலிருந்து இந்த வசனம்தான் என் ஜெபம். சில நாள் முதல் பாதி வராது, இரண்டாம் பாதியை மட்டும் சொல்வேன்" என்றார். அன்று இரவு என் அறையில் நானும் இரண்டாம் பாதியை மட்டும் சொன்னேன். உடனே ஒன்றும் மாறவில்லை. ஆனால் மறுநாளும் சொன்னேன்.

செப்டம்பரில் ஒரு விடுமுறை நாளில் இங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்துக்கு, அந்தக் காலத்து அநாதை இல்லமும் பள்ளிகளும் இருந்த இடத்துக்கு, போனேன். பழைய அருங்காட்சிக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் ஓலைச்சுவடி! நம் எழுத்து! மிஷனரி சீகன்பால்கு ஐயர் படித்த ஊரில்தான் நான் இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகியவர். இங்கே வார்த்த தமிழ் அச்செழுத்து அளவில் பெரிதாகிப்போனதால் அங்கேயே சின்னதாக வார்த்தார்கள், காகிதத்துக்கு நம் பொறையாற்றிலேயே ஆலை வைத்தார்கள் என்று சொல்வீர்களே. தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் நீங்கள் அவர் கல்லறையைக் காட்டியபோது, "36 வயசிலேயே ஏன் செத்துட்டார்? சாமி ஏன் சுகமாக்கல?" என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றீர்கள். அம்மாவின் அடக்கத்தன்று நான் கேட்டபோதும் அதே பதில்தான். அன்று எனக்குக் கோபம் வந்தது. எல்லாரும் காரணம் சொன்ன இடத்தில் நீங்கள் ஒருவர்தான் உண்மை பேசினீர்கள் என்று அந்த அலமாரி முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

நவம்பரில் எங்கள் வார்டுக்கும் கொரோனா வந்தது. பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த அன்று, அம்மாவுக்குச் செய்த அதே ஜெபத்தைச் செய்தேன், ஒரு வார்த்தை மாறாமல். அவர் பிழைக்கவில்லை. கடைசி இரவில் முகக்கவசமும் இரண்டு ஜோடிக் கையுறையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, பரமண்டல ஜெபத்தைத் தமிழிலேயே சொன்னேன். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அடக்கத்துக்கு வந்தவரின் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த வரியைச் சொல்ல முடிந்தது, சொல்லிவிட்டேன். விடியற்காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றபோது அழுகை வந்தது, ஆனால் 2017-ல் அம்மா போனபோது வந்த அந்த வெறுமை வரவில்லை. ஆண்டவர் அந்த அறையில் இருந்தார் அப்பா. எப்படித் தெரியும் என்று கேட்டால் என்னால் நிரூபிக்க முடியாது. இருந்தார்.

இன்னொரு விஷயம். நான் கிளம்பும்போது அம்மாவின் பைபிளை என் பெட்டியில் வைத்தீர்கள். நீங்கள் ஆட்டோ கூப்பிடப் போன நேரத்தில் அதை வெளியே எடுத்துவிட்டேன். பீரோவின் கீழ்த்தட்டில், அம்மாவின் நீலப் புடவைக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் சொல்லாமல்தான் இருந்திருப்பீர்கள். அதை எனக்கு அனுப்புங்கள். தபால் செலவைப் பார்க்க வேண்டாம். தாள் ரொம்ப மெல்லியது, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே அம்மா வைத்த அடையாளச் சீட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் மகள்