எங்களுக்காக ஓடிவந்தவர்களுக்கும், முன்னாள் செனட்டர் ஜிம் மன்சனுக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

காணாமல் போயிருந்த, ஆட்டிசம் உள்ள எங்கள் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் இதை எழுதும்போது அடுக்களைத் தரையில் சட்டி மூடியைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வேறு நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்குக் கத்தியிருப்பேன். நடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுத மனமில்லை.

இரவோடிரவாகத் தேடிப் போனவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், சின்னவளைத் தங்கள் வீட்டில் படுக்க வைத்தவர்கள், அவனுடைய வகுப்பாசிரியை, எல்லோரையும் நேரில் வந்து பார்க்கிறோம். ஆனால் எங்களைத் தெரியாத ஒருவருக்கு இங்கேதான் நன்றி சொல்ல முடியும்.

உங்களில் பாதிப் பேர் எங்களுக்குப் பழக்கமானது ஒட்டாவாவில், பாராளுமன்றத்துக்கு முன்னால், ஒரு ஏப்ரல் 2 அன்று. இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புல்லில் உருண்டான், யாரும் முறைக்கவில்லை. அந்த நாளைக் கனடாவில் சட்டப்படி ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக்கிய 2012 மசோதா, செனட்டர் ஜிம் மன்சன் கொண்டுவந்தது.

அதற்கும் முன்பு, அதே இடத்தில் ஒரு தந்தை பதாகையோடு தனியாக நின்றிருக்கிறார். பதாகைகள் அங்கே தினசரிக் காட்சி, பார்க்காத மாதிரிப் போய்விடலாம். மன்சன் நின்றார். என்ன விஷயம் என்று கேட்டார். ஆட்டிசம் உள்ள மகனின் சிகிச்சை குடும்பத்தை எந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று அந்தத் தந்தை சொன்னார். மன்சன் சிடிவி தொலைக்காட்சியில் செய்தியாளராக இருந்தவர், 1989இல் பெய்ஜிங்கிலிருந்து தியனன்மென் சதுக்க மாணவர் போராட்டச் செய்திகளைத் தந்தவர், அப்புறம் அன்றைய பிரதமர் கிரெட்சியனின் ஊடகத் தொடர்பாளர். கேட்பது அவருக்குத் தொழில்தான். ஆனால் கேட்டதை அவர் அங்கேயே விட்டுவிட்டுப் போகவில்லை. செனட்டில் எழுப்பினார், குழு விசாரித்தது, 2007இல் அறிக்கை வந்தது. ‘இப்போது செலவழியுங்கள், அல்லது பிறகு செலவழியுங்கள்’ என்று கடைக் கணக்குப்பிள்ளை பேசுவது போன்ற தலைப்பு. நாடு முழுவதற்கும் ஒரே ஆட்டிசம் திட்டம் வேண்டும் என்றது. அதற்கான சட்டம் 2023இல்தான் நிறைவேறியது. 75 வயதானால் செனட்டர் விலகியாக வேண்டும், மன்சன் 2021இலேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

செனட்டர்கள் நியமிக்கப்படுபவர்கள்; யாரும் வாக்களிக்காத சபை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எனக்கு, ஒரு வாக்கும் தேவைப்படாத மனிதர் பதாகைக்காரர் முன்னால் நின்றார் என்பது போதும். மன்சனின் முதல் மகன் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாட்டோடு பிறந்து, பச்சிளம் வயதிலேயே போனவன்.

இனி ஏப்ரல் 2 தவறவிட மாட்டோம், குளிரோ மழையோ. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று இப்போதுதான் கேட்டுத் திகைத்திருக்கும் குடும்பம் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள், எங்கள் வேனில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இவன் வழி நெடுகக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வருவான்.