அறிவியல் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியலின்பால் உள்ள மனப்பாங்கும் அவர்கள் பெறும் மதிப்பெண்ணும் எவ்வகையில் தொடர்புடையன என்பதை ஆராய்ந்து, அதற்கேற்ப நம் பணிகளை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற பேரவை பணித்திருந்தது. இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

வழக்கமான நிகழ்ச்சிகள் குறைவின்றி நடந்தன. ராமன் விளைவு 1928இல் கண்டறியப்பட்டதை நினைவுகூரும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று, வியாழனின் நிலவுகளைத் தொலைநோக்கியில் காணப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அதே பிள்ளைகளோடு ஆட்சிக்குழுவினர் தனியே உரையாடியபோது, அறிவியல் பிடிக்கும், அறிவியல் பாடம்தான் பிடிக்கவில்லை என்றே பலரும் கூறினர்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. நார்வே நாட்டுக் கல்வியாளர்கள் முன்னின்று பல நாடுகளில் பதினைந்து வயது மாணவர்களிடையே நடத்திய 'ரோஸ்' ஆய்வில், வளம் மிகுந்த நாடுகளின் மாணவர்கள் அறிவியல் சமூகத்துக்குத் தேவை என்று ஒப்புக்கொண்டாலும், பள்ளி அறிவியலில் வளரும் நாட்டு மாணவர்கள் காட்டிய அளவுக்கு ஆர்வம் காட்டவில்லை. 1995 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் 'டிம்ஸ்' என்னும் பன்னாட்டுக் கணித, அறிவியல் தேர்விலோ ஜப்பான், தென்கொரிய மாணவர்கள் முன்வரிசையில் நின்றும், அறிவியல் பிடிக்கும், தமக்கு நன்றாக வரும் என்று சொல்வோர் அவர்களிடையே குறைவு. ஆயினும் ஒரே நாட்டுக்குள் பார்க்கும்போது, தன்னால் முடியும் என்று நம்பும் மாணவரே பொதுவாகக் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார். விருப்பத்தைக் காட்டிலும் அந்த நம்பிக்கையே மதிப்பெண்ணோடு நெருங்கி நிற்கிறது. நம்பிக்கையால் மதிப்பெண் வருகிறதா, மதிப்பெண்ணால் நம்பிக்கை வருகிறதா என்று ஆட்சிக்குழுவில் நெடுநேரம் விவாதம் நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே என் கருத்து. எனவே வியப்பூட்டும் காட்சிகளால் மட்டும் தேர்ச்சி உயர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அந்த நம்பிக்கை பிறக்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடம். நம் மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வில் அறிவியலுக்குக் கருத்தியல் 75, செய்முறை 25 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டுள்ளன; தேர்ச்சி பெறக் கருத்தியலில் 20, செய்முறையில் 15 பெற வேண்டும். செய்முறை மதிப்பெண் எப்படியும் கிடைத்துவிடும் என்ற நினைப்பு பெற்றோர்களாகிய நம்மிடமே ஊறிக் கிடப்பதால், பிள்ளை கருவியைத் தொட்டதா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரு மதிப்பெண் வினாக்களை ஒப்பிக்க வைப்பதிலேயே முனைகிறோம்.

இதனால் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் சனிக்கிழமைதோறும் செய்முறை வகுப்பு தொடங்கினோம். குவிலென்சின் குவியத் தொலைவைக் காண ஒரு லென்சும் சன்னலும் வெள்ளைச் சுவரும் அளவுகோலும் போதும். சமநிலையில் நிற்கும் கோலின் இருபுறத் திருப்பு விளைவுகளும் சமம் என்னும் திருப்புத்திறன் தத்துவத்தைக் கொண்டு எடை காண மீட்டர் அளவுகோலும் நூலும் எடைக்கற்களும் போதும். வழக்கமாகப் பின்வரிசையில் ஒதுங்கும் மாணவர்கள் அளவீடு தவறியபோது தாங்களாகவே மறுபடி அளந்தது எங்களுக்கு மகிழ்ச்சியளித்தது. மாணவர்களும் மாணவியரும் சேர்ந்த குழுக்களில் கருவியைக் கையாள்பவர் மாணவராகவும் குறிப்பெழுதுபவர் மாணவியாகவும் அமைந்துவிடுவதைக் கண்டு, முறை வைத்து மாற்றச் செய்தோம். இவ்வகுப்பு மதிப்பெண்ணைக் கூட்டியது என்று ஓராண்டிலேயே சொல்லிவிட முடியாது.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றத் திட்டம் செயல்முறைக் கற்றலைக் கொண்டு செல்வதால், நம் சிறு நிதியை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கே ஒதுக்குவது பொருத்தமாகும். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் மேடைக் காட்சிகளை ஒன்றாகக் குறைத்து, எஞ்சும் தொகையில் லென்சுகள், மின்சுற்றுக் கருவிகள் வாங்கவும், செய்முறை வகுப்பை ஜூன் மாதத்திலேயே தொடங்கவும் ஆட்சிக்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் பேரவையின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்