11 நாள் வராத அம்மா

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள நண்பா,

நான்கு மாதமாக உனக்குப் பதில் எழுதாதது என் தவறுதான்; அதைப் பற்றி நீ நம் நண்பன் 'ஒட்டக'த்திடம் புலம்பியதும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. இங்கு அனைவரும் நலம். முழங்கால் வலியைத் தவிரப் புகார் ஒன்றுமில்லை.

இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம், உன் சிவகாசி அச்சகத்தில் கைரேகை வருகைப் பதிவு மிஷின் வைக்கப்போவதாக நீ எழுதியிருந்த ஒற்றை வரி. வாங்குவதற்கு முன் என் கதையைக் கேட்டுவிடு.

எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக்கு நான்தான் செக்ரட்டரி. (சிரிக்காதே.) வாட்ச்மேன் நோட்டில் எழுதும் வருகைக் கணக்கில் அடிக்கடி தகராறு வந்ததால், கேட்டருகே மிஷின் வைக்கலாம் என்று கமிட்டியில் வாதாடி வென்றவனும் நானே. படிக்கட்டு கழுவுவதற்குத் தாராவியிலிருந்து ஓர் அம்மா வருகிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பல வருடங்களாகச் சோப்புத் தண்ணீரிலும் ஃபினாயிலிலும் ஊறி அவருடைய விரல் நுனிகள் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. விரல் வறண்டிருந்தாலும் மிஷின் ஏற்காது என்று யாரோ சொல்லிவிட்டதால், விரலை நெற்றி வியர்வையில் தடவி, முந்தானையில் லேசாக ஒற்றி, மறுபடியும் அழுத்திப் பார்ப்பார். சிவப்பு விளக்குதான் எரியும். வேலைக்கு நேரமாகிறதே என்று வாட்ச்மேன் அவரை உள்ளே விட்டுவிடுவான்.

மாதக் கடைசியில் வந்த சம்பளத் தாளில் அவருக்கு 11 நாள் ஆப்சென்ட். நான் வாசித்தும் பாராமல் கையெழுத்திட்டேன். அந்த 11 நாளும், அவர் கழுவி ஈரம் காயாத படிகளில் வழுக்கிவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய்த்தான் பால் வாங்கி வந்திருக்கிறேன்! அவர் சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, மிசினுக்குத்தான் என்னையத் தெரியல. உங்களுக்குமா தெரியல?" என்று மட்டும் கேட்டார்.

பிடித்த பணத்தை மறுநாளே கொடுத்துவிட்டோம். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. 2018 ஆதார் வழக்கில், அடையாளச் சரிபார்ப்பு தோற்றுப்போனால் அதைக் காரணம் காட்டி உரியவருக்கு அரசுத் திட்டப் பலனை மறுக்க மாட்டோம் என்று மத்திய அரசின் வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் சொன்னதை உச்ச நீதிமன்றம் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. அன்று செய்தித்தாளில் அதைப் படித்துத் தலையாட்டியவன், என் கேட்டில் அந்த மறுப்பையே செய்திருக்கிறேன். இப்போது மிஷின் அருகிலேயே நோட்டும் இருக்கிறது. மிஷின் மறுத்தால் வாட்ச்மேன் எழுதுவதுதான் கணக்கு, யாருக்காவது ஆப்சென்ட் விழுந்தால் அவரிடம் கேட்காமல் தாள் என்னிடம் வரக்கூடாது.

மிஷின் என்றாலே ஆகாதவன் என்று என்னை நினைக்காதே. இங்கே ஸ்டேஷன் அருகே பூ கட்டும் பெண்மணிக்கு இரண்டு கைகளும் நாரிலேயே இருக்கும். யாராவது யுபிஐயில் பணம் போட்டால் பக்கத்திலுள்ள சிறு பெட்டி தொகையை உரக்கச் சொல்கிறது. அவர் போனைத் தொடுவதுமில்லை, பூவிலிருந்து கண்ணை எடுப்பதுமில்லை. 2016இல் வந்த யுபிஐ எத்தனையோ செய்திருக்கலாம். எனக்கு அந்தப் பெட்டியின் மேல்தான் மரியாதை, ஏனென்றால் அதைச் செய்தவன் வியாபாரியின் கை சும்மா இருக்காது என்று யோசித்திருக்கிறான். நான் வாங்கிய மிஷினுக்கு அப்படி யோசிக்க வேண்டியவன் நான்.

விற்க வருபவன் உன் ஏசி அறையில் உன் விரலை வைத்துத்தான் பச்சை விளக்குக் காட்டுவான். நீ அவனை நேராக பைண்டிங் பிரிவுக்கு அழைத்துப் போ. பசை காய்ந்த விரலிலும், மை ஏறிய விரலிலும், நாளெல்லாம் தாள் மடித்துத் தேய்ந்த விரலிலும் ஒரு வாரம் சோதித்துப் பார்த்த பிறகு விலை பேசு.

ஒட்டகத்துக்கு நான் தரவேண்டியதை நீயே கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள். புது வருடத்துக்குத் தினசரிக் காலண்டர் இரண்டு அனுப்பு. ஒன்று அந்த அம்மாவுக்கு. வேலைக்கு வந்த நாளின் தாளை மட்டும் கிழித்து, மாதக் கடைசி வரை டப்பாவில் சேர்த்து வைத்துக்கொள்ளப் போகிறாராம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்